பண்டிகை அலங்காரத்தில் எது ஆபத்து, எது வெறும் அச்சம்: நாய், பூனை வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

பண்டிகைக் காலத்தில் வீட்டுக்குள் வரும் செடிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே முதலில் பழி சுமப்பது பாயின்செட்டியா என்னும் சிவப்பு இலைச் செடிதான். மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட இச்செடி கொடிய நஞ்சு உடையது என்ற நம்பிக்கை, 1919இல் ஹவாயில் ஒரு குழந்தை இதன் இலையைத் தின்று இறந்துவிட்டதாகப் பரவிய, ஒருபோதும் உறுதிப்படாத ஒரு செய்தியிலிருந்து வளர்ந்தது. இதன் இலையைக் கடித்த நாயோ பூனையோ எச்சில் வடிக்கலாம், ஓரிரு முறை வாந்தி எடுக்கலாம். செடியின் பால் பட்ட இடத்தில் தோல் சற்றுச் சிவக்கலாம். பெரும்பாலும் அதற்கு மேல் ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் அந்தச் செடியை மொட்டை மாடிக்குத் துரத்திவிட்ட அதே வீட்டில், மேசை நடுவில் ஜாடி நிறைய லில்லிப் பூக்கள் இருக்கும். கீழே தரையில் பரிசுப் பொட்டலங்களிலிருந்து அவிழ்த்த ரிப்பன்கள் சுருண்டு கிடக்கும். உயிருக்கு உலை வைப்பவை இவ்விரண்டும்தான். ஆகவே இங்கே பெயர் கெட்டுப்போன பொருள்களின் வரிசையை விட்டுவிட்டு, உண்மையில் எது எவ்வளவு தீங்கு செய்யும் என்ற வரிசையில் பார்ப்போம்.

லில்லியும் பூனையும் ஒரு வீட்டில் இருக்கக் கூடாது

லிலியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஈஸ்டர் லில்லி, டைகர் லில்லி, ஆசிய லில்லி, ஸ்டார்கேசர் ஆகியவையும், ஹெமரோகாலிஸ் பேரினத்தைச் சேர்ந்த டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கக் கூடியவை. இலை, தண்டு, இதழ், மகரந்தம் என எல்லாப் பாகங்களிலும் நஞ்சு உண்டு. பூ நின்ற ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் ஆபத்துதான். செடியைக் கடிக்கவே இல்லை, பக்கத்தில் நடந்து போனபோது உடம்பில் ஒட்டிய மகரந்தத்தைப் பின்னர் நக்கிச் சுத்தம் செய்தது என்ற அளவிலேயே பூனைக்கு நஞ்சேறிவிடும். நாய்க்கு இதே பூவால் வயிற்றுக் கோளாறுதான் வரும், சிறுநீரகம் கெடுவதில்லை. நாய் வளர்க்கும் நண்பர் தம் வீட்டு அனுபவத்தைச் சொல்லித் தைரியம் கொடுத்தால் அதைப் பூனைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இந்த நஞ்சின் போக்கு ஏமாற்றக் கூடியது. முதல் 12 மணி நேரத்துக்குள் வாந்தி, எச்சில் வடிதல், சோர்வு, உணவில் நாட்டமின்மை ஆகியவை தோன்றும். பிறகு வாந்தி நின்று பூனை தேறிவிட்டது போலத் தெரியும். அந்த நேரத்தில்தான் சிறுநீரகம் சிதையத் தொடங்கியிருக்கும். ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடக்கூடும். பூனை லில்லியைத் தொட்டதாகச் சந்தேகம் எழுந்த உடனேயே, அறிகுறி எதற்கும் காத்திராமல், மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால் இரண்டு மூன்று நாள்கள் தொடர்ந்து நரம்பு வழியாக டிரிப்ஸ் ஏற்றிக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. 18 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மயிரில் மகரந்தம் ஒட்டியிருந்தால் ஈரத்துணியாலோ தண்ணீராலோ அதைக் கழுவி, நக்க முடியாதபடி ஒரு துண்டில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.

உயரமான அலமாரியில் வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். பூனைக்கு எட்டாத உயரம் என்று ஒன்று வீட்டில் கிடையாது. உயரத்திலிருந்து மகரந்தம் உதிர்வதையும் தடுக்க முடியாது. மகரந்தப் பைகளைக் கத்தரித்துவிட்டால் கறை படியாது என்பது சரி, ஆனால் இதழும் இலையும் அப்படியேதான் இருக்கின்றன. பூங்கொத்து பரிசாக வந்தால் உள்ளே கொண்டுவரும் முன் வாசலிலேயே பிரித்துப் பார்த்து, லில்லி இருந்தால் முழுக் கொத்தையுமே வேறு யாருக்காவது கொடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் அதன் மகரந்தம் மற்றப் பூக்களின் மீதும் உதிர்ந்திருக்கும். விருந்தினர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

பெயரில் லில்லி இருப்பவை எல்லாம் இந்தக் குடும்பம் அல்ல. பீஸ் லில்லி, காலா லில்லி ஆகிய இரண்டின் இலைகளிலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி வடிவில் உள்ளன. கடித்ததும் வாயும் நாக்கும் எரிந்து எச்சில் ஒழுகும், சிறுநீரகத்துக்குத் தீங்கில்லை. லில்லி ஆஃப் தி வேலி எனப்படும் சிறு வெண்பூச் செடியோ இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சைக் கொண்டது. அது நாய்க்கும் பூனைக்கும் சமமான ஆபத்து. செடியின் சரியான பெயரை விற்பவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது இதனால்தான் முக்கியம்.

மற்றச் செடிகள்

லில்லிக்கு அடுத்து நான் அஞ்சுவது யூ என்னும் ஊசியிலை மரத்துக்கு. கதவில் மாட்டும் பசுமை வளையங்களிலும் தோரணங்களிலும் இதன் கிளைகள் சேர்க்கப்படுவதுண்டு. இலையிலும் விதையிலும் உள்ள டாக்சைன் (taxine) என்னும் ஆல்கலாய்டு இதயத்தை நேரடியாகத் தாக்குவதால், முன்னறிகுறி ஏதும் இன்றியே பிராணி விழுந்து இறக்க நேரலாம். ஓலை போன்ற இலைக்காக அலங்காரத்தில் வைக்கப்படும் சைகஸ் அடுத்தது. அதன் எல்லாப் பாகங்களும், குறிப்பாக விதைகள், கல்லீரலைச் சிதைக்கும். கொத்துக் கொத்தாகப் பூக்கும் கலாஞ்சோவில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு இருக்கிறது.

கிழங்கிலிருந்து வளரும் பூச்செடிகளில் பூவை விடக் கிழங்கே கெடுதல். அமரில்லிஸ், நார்சிஸஸ் இரண்டிலும் லைகோரின் என்னும் பொருள் உண்டு. கிழங்கைத் தோண்டித் தின்ற நாய்க்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம், இரத்த அழுத்தக் குறைவு ஆகியவை வரலாம். சைக்ளமெனும் இப்படித்தான். மண்ணைத் தோண்டும் பழக்கமுள்ள நாய் இருந்தால் இவற்றைத் தரையில் வைக்காதீர்கள். நடுவதற்காக வாங்கி வைத்த கிழங்குகளையும் மூடிய பெட்டியில் வையுங்கள்.

முள் இலையும் சிவப்புக் காயும் கொண்ட ஹோலி, புல்லுருவி இனத்தைச் சேர்ந்த மிசில்டோ ஆகியவற்றுக்கு இருக்கும் கெட்ட பெயர் கொஞ்சம் மிகையானது. சிறிதளவு தின்றால் வயிறு கலங்கும், வாந்தி வரும். மிசில்டோவின் காய்களை நிறையத் தின்றால் இதயத் துடிப்பு மந்தமாகக் கூடும் என்பதால் அதை அலட்சியம் செய்துவிடவும் முடியாது. காய்ந்து உதிரும் காய்களை அவ்வப்போது பெருக்கி எடுத்துவிட்டால் போதும். மென்று பார்க்கும் பிராணி உள்ள வீட்டில் செடி வேண்டுமென்றே தோன்றினால் கிறிஸ்துமஸ் கள்ளி எனப்படும் ஷ்லும்பெர்கேராவைத் தேர்ந்தெடுக்கலாம், அது நச்சற்றது. ரோஜாவும் அப்படியே, முள்ளை மட்டும் நீக்கிவிட வேண்டும்.

ரிப்பன், ஜிகினா, நூல்

பண்டிகை முடிந்த வாரத்தில் அறுவைச் சிகிச்சை மேசைக்கு வரும் பூனைகளின் கதை பெரும்பாலும் இதுதான். மின்னி அசையும் ஜிகினாச் சரம் பூனைக்கு உயிருள்ள இரையாகவே தெரிகிறது. மேலும் பூனையின் நாக்கில் உள்ள முட்கள் பின்னோக்கி வளைந்தவை. ஒரு நூல் நாக்கில் சிக்கினால் அதைத் துப்ப முடியாமல் உள்ளேதான் தள்ள முடியும். அப்படி விழுங்கப்பட்ட இழையின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொள்ள, குடல் மறுமுனையை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். இழை நகராது; பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசுவிக் கொள்வதுபோலக் குடல்தான் அந்த இழையின் மேல் ஏறிச் சுருங்கும். இழை குடல் சுவரை மெல்ல அறுக்கத் தொடங்கும். பல இடங்களில் துளை விழுந்துவிட்டால் வயிற்றறை முழுவதும் தொற்று பரவும்.

அறிகுறிகள் ஓரிரு நாள் கழித்தும் வரலாம்: திரும்பத் திரும்ப வாந்தி, உணவை மறுத்தல், ஒளிந்துகொள்ளுதல், வயிற்றைத் தொட்டால் வலி. வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் முனை தொங்குவதைக் கண்டால், எவ்வளவு எளிதாகத் தோன்றினாலும் அதைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் உள்ளே குடல் கிழியும். தொங்கும் பகுதியை அப்படியே விட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

பூனை வளர்க்கும் வீட்டில் ஜிகினாச் சரத்தை அறவே தவிர்ப்பதுதான் என் கருத்து. கிறிஸ்துமஸ் மரத்தின் மேல் கிளைகளில் மட்டும் சுற்றுகிறோம் என்ற சமரசம் நிலைப்பதில்லை, ஏனென்றால் இழைகள் உதிர்ந்து தரைக்கு வந்துவிடும். பரிசுப் பொட்டலங்களுக்கு ரிப்பனுக்குப் பதில் அகலமான காகிதப் பட்டையை ஒட்டலாம். பிரிக்கும் நாளில் ஒருவர் கையில் மூடியுள்ள குப்பைக்கூடை இருக்கட்டும். ரிப்பன், சணல், பலூன் நூல் எல்லாம் அவிழ்த்த உடனேயே அதற்குள் போக வேண்டும். நாய்களுக்கும் இந்த ஆபத்து உண்டு, பொட்டலத்துக்குள் தின்பண்டம் இருந்தால் அவை காகிதம், நாடா, பண்டம் எல்லாவற்றையும் சேர்த்தே விழுங்கும். அதனால் தின்பண்ட மணம் வரும் பரிசு எதையும் மரத்தடியில் வைக்காமல் கதவுள்ள அலமாரியில் வைத்துவிடுங்கள்.

மின்சாரமும் பேட்டரியும்

பல் முளைக்கும் பருவத்து நாய்க்குட்டி, பூனைக்குட்டி, எந்த வயது முயல் ஆனாலும் சீரியல் லைட்டின் மெல்லிய ஒயரைக் கடிக்கும். வாயில் தீக்காயம் ஏற்படுவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் மின்அதிர்ச்சிக்குப் பிறகு சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக் கூடும். அதனால், கடித்த பிராணி எழுந்து வாலாட்டினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டி, ஒரு நாள் முழுவதும் மூச்சைக் கவனிக்க வேண்டும். ஒயர் இன்னும் வாயில் இருக்கும்போது பிராணியைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் பிறகே ஒயரை எடுங்கள்.

தடுப்பதற்கு, ஒயரைச் சுவரோடு சேர்த்துப் பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்தி, தொங்கும் வளைவுகள் இல்லாமல் ஒட்டிவிடலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மூடிய பெட்டிக்குள் வைக்கலாம். மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி உங்கள் மின்பலகையில் உள்ளதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் வகை உயிர் காப்பதற்கு உரியது. வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலும் உறங்கும் நேரத்திலும் விளக்குகளைச் செருகியிலிருந்து பிடுங்கிவிடுவது எல்லாவற்றிலும் எளியது. குறைந்த மின்னழுத்த எல்இடி சரங்களில் அதிர்ச்சி குறைவு என்றாலும், அடாப்டர் வரை வரும் ஒயர் வீட்டு மின்சாரம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் பொம்மை, ரிமோட், சுடரில்லா மெழுகுவத்தி ஆகியவற்றுக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தனி வகை. ஈரமான உணவுக்குழாயில் அது சிக்கினால் அங்கேயே மின்னோட்டம் பாய்ந்து காரம் உண்டாகி, 15 முதல் 30 நிமிடத்துக்குள் திசு வெந்துபோகத் தொடங்கும். இதற்கு வாந்தி எடுக்க வைப்பது தவறு. எக்ஸ்ரே எடுத்து எண்டோஸ்கோப்பி வழியாக விரைந்து அகற்றுவதே வழி. ஆகவே பேட்டரி அறை திருகாணியால் மூடப்பட்ட பொம்மைகளையே வாங்குங்கள். காந்தம் பதித்த அலங்காரப் பொருள்களிலும் கவனம் தேவை. விழுங்கிய இரு காந்தங்கள் குடலின் இரு மடிப்புகளுக்கிடையே ஒன்றையொன்று ஈர்த்து, நடுவில் அகப்பட்ட சுவரைத் துளைத்துவிடும்.

கையால் செய்தவையும் திரவம் நிறைந்தவையும்

மாவும் உப்பும் பிசைந்து செய்யும் அலங்கார வடிவங்கள் குழந்தைகளின் கைவேலை என்பதால் யாரும் அவற்றை ஐயுறுவதில்லை. நாய்க்கோ அது தின்னக் கூடிய ரொட்டியின் மணம். நாயின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ 2 முதல் 3 கிராம் உப்பு உள்ளே போனால் நஞ்சாகும். 4 கிராம் அளவு உயிரைப் பறிக்கக் கூடும். 5 கிலோ எடையுள்ள நாய்க்குட்டிக்கு 10 கிராம் உப்பே ஆபத்தின் தொடக்கம் என்றால், இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு உப்பு சேர்த்துச் செய்த கனமான ஒரே ஒரு வடிவத்தில் அதைவிட அதிகம் இருக்கும். வாந்தி, அடங்காத தாகம், தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்று அது முற்றும். நாய் உள்ள வீட்டில் அவற்றைச் சுவரில் உயரமாக மாட்டுங்கள், மரத்தில் வேண்டாம். சாக்லேட் அலங்காரங்களும் அப்படியே. கோக்கோவில் உள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தையும் நரம்பையும் தூண்டும், கறுப்புச் சாக்லேட்டில் அதன் அளவு பால் சாக்லேட்டைவிடப் பல மடங்கு.

கைவேலைக்கு வாங்கும் பாலியூரிதேன் பசை வயிற்றுக்குள் சென்றால் ஈரத்தை உறிஞ்சி நுரைத்து விரிந்து, இரைப்பையின் வடிவிலேயே கட்டியாக இறுகிவிடும். கண்ணாடிப் பனிக்கோளங்களில் சிலவற்றில் எத்திலீன் கிளைக்கால் கலந்த திரவம் இருக்கிறது; அதன் சுவை இனிப்பு. உடைந்து தரையில் சிந்தியதைப் பூனை ஒரு சில நக்கு நக்கினாலே, முதலில் குடித்தது போன்ற தள்ளாட்டம், பிறகு தேறியது போன்ற ஓர் இடைவெளி, அதன் பின் சிறுநீரகச் செயலிழப்பு. நச்சை முறிக்கும் மருந்து உண்டு, ஆனால் பூனைக்கு அது முதல் 3 மணி நேரத்துக்குள் தரப்பட்டால்தான் பயன். உடைந்த கோளத்தைத் துடைக்கும் முன்பே பிராணிகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். ஒளிரும் குச்சிகளைக் கடித்த பூனை நுரை கக்கி வீட்டையே கலவரப்படுத்தும். அந்தத் திரவம் கடுமையாகக் கசக்குமே தவிரப் பெரும் நஞ்சல்ல. வாயைத் துடைத்துவிட்டு, பிடித்த உணவைக் கொடுத்து, விளக்கை அணைத்துப் பார்த்தால் மயிரில் ஒட்டியவை ஒளிரும், அவற்றைக் கழுவிவிடலாம்.

மரத்தை நிறுத்துவது

மரத்தை அகலமான அடித்தாங்கியில் நிறுத்தி, உச்சியைக் கூரைக் கொக்கியோடோ சுவரோடோ கண்ணுக்குத் தெரியாத மீன்பிடி நரம்பால் கட்டிவிடுங்கள். பிறகு சில நாள் வரை எதையும் மாட்டாமல் வெறும் மரமாகவே விட்டால் பூனையின் முதல் ஆர்வம் தணியும். கீழ்ப்பகுதியில் துணி, மரக்கட்டை, காகிதக்கூழ் ஆகியவற்றாலான பொருள்களை மட்டும் மாட்டி, கண்ணாடிக் குண்டுகளை மேலே கொண்டுபோய்விடுங்கள். கம்பிக் கொக்கிகளை நாய்கள் விழுங்குவதுண்டு; கிளையோடு இறுக்கிக் கட்டிய குட்டையான முடிச்சு மேல். உண்மையான மரமாக இருந்தால் தொட்டித் தண்ணீரில் உரமோ பதப்படுத்தும் பொருளோ சேர்க்காமல், அதை மூடி வைக்க வேண்டும். பிராணி தனித்திருக்கும் நேரத்தில் மரம் உள்ள அறையைப் பூட்டிவிட முடியுமானால் மேலே சொன்னவற்றில் பாதி தேவையற்றதாகிவிடும்.

மணமும் புகையும்

மெழுகுவத்திச் சுடரைப் பூனையின் வால் தட்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அதிகம் கவனிக்கப்படாதது, சூடாக்கி மணம் பரப்பும் திரவங்களும் குச்சி செருகிய நறுமண எண்ணெய்க் குப்பிகளும்தான். அவற்றிலுள்ள எண்ணெய்களையும் சலவைப்பொருள் வகை வேதிப்பொருள்களையும் நக்கிய பூனையின் நாக்கும் உணவுக்குழாயும் புண்ணாகும். இந்த எண்ணெய்களில் பலவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. குப்பி கவிழ்ந்து மயிரில் பட்டால் பாத்திரம் கழுவும் மென்மையான திரவம் கொண்டு உடனே கழுவுங்கள். கிளி முதலிய பறவைகள் இருந்தால் மணப்புகை எதுவும் அந்த அறையில் வேண்டாம், அவற்றின் சுவாச அமைப்பு காற்றில் கலந்த எதையும் விரைவாக உள்வாங்கிவிடும். கூண்டுக்கு அருகே உலோகப் பூச்சுள்ள மணிகளையும் சரங்களையும் தொங்கவிட்டால் அலகால் கொத்தி ஈயத்தையோ துத்தநாகத்தையோ விழுங்கிவிடக்கூடும்.

தின்றுவிட்டால்

பண்டிகை விடுமுறையில் எந்தக் கால்நடை மருத்துவமனை திறந்திருக்கும், இரவில் யார் பார்ப்பார்கள் என்பதை அலங்காரம் தொடங்கும் முன்பே விசாரித்து, தொலைபேசி எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். ஏதேனும் நேர்ந்தால் முதலில் பிராணியை அந்த இடத்திலிருந்து விலக்கி, வாயில் எஞ்சியிருப்பதை விரல் கடிபடாமல் எடுத்துவிட்டு, தொலைபேசியில் பேசுங்கள். மருத்துவர் கேட்கப் போவது என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, பிராணியின் எடை என்ன என்பவைதான்; செடியின் ஒரு கிளையையோ அதன் படத்தையோ, பொருளின் உறையையோ, வாந்தியில் வந்ததையோ ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுப்பது பழைய பழக்கம். அதுவே உப்பு நஞ்சை உண்டாக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூனையின் இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும். நாய்க்குக்கூட அதை மருத்துவர் அளவு சொன்னால் மட்டுமே தரலாம். கூர்மையான பொருள், பேட்டரி, எண்ணெய் வகை ஆகியவற்றை விழுங்கியிருந்தால் வாந்தி இரண்டாம் முறை காயப்படுத்தும். முயலால் வாந்தி எடுக்கவே இயலாது என்பதால் அதற்கு இந்தப் பேச்சே இல்லை. பால், எண்ணெய், கரித்தூள் ஆகியவற்றையும் நீங்களாகப் புகட்டாதீர்கள். மயங்கிய நிலையில் உள்ள பிராணிக்கு வாய்வழி கொடுப்பது நுரையீரலுக்குள் போய்விடும்.

அலங்காரத்தைக் கழற்றும் நாளிலும் இதே கவனம் வேண்டும், அன்றைக்குத்தான் எல்லாமே தரைக்கு வருகின்றன. பிராணியை வேறு அறையில் விட்டுவிட்டு, மரத்தடியிலும் சோபாவுக்கு அடியிலும் உதிர்ந்த காய், கண்ணாடித் துண்டு, கொக்கி, நூல் ஆகியவற்றை வாக்குவம் கிளீனரால் எடுத்து, ஜாடித் தண்ணீரைக் கழிப்பறையில் கொட்டி மூடியை மூடுங்கள். பேட்டரிகளைக் கழற்றி எண்ணிப் பார்த்து எடுத்து வையுங்கள். ஒன்று குறைந்தால் அது எங்கே என்று கிடைக்கும் வரை தேடுங்கள்.